பன்னிரண்டு விநாடி: ரேஸ் சூட்டின் தீத் தரத்தைப் புரிந்துகொள்ள

அக்கா மகன் கோத்தகிரியிலிருந்து இரண்டு படம் அனுப்பியிருந்தான். இரண்டுமே ரேஸ் சூட். ஒன்று சிவப்பு, ஒன்று கருநீலம், பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன, ஆனால் கருநீலத்தின் விலை சிவப்பைப் போல ஐந்து மடங்கு. கீழே ஒரே வரி: "மாமா, ரெண்டும் ரேஸ் சூட்தானே, அப்புறம் ஏன் இப்படி?" இந்த வருடம் அவன் ஒரு ராலியில் கோ-டிரைவராக உட்காரப் போகிறான், நண்பன் ஓட்டுவான், இவன் பக்கத்தில் உட்கார்ந்து, வரப்போகும் வளைவுகளைக் குறித்துவைத்த நோட்ஸைப் படித்துச் சொல்வான். மசினகுடிக்குப் போகும்போதெல்லாம் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்த பையன், அவனுக்கு இந்த ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்தச் சிவப்பு சூட்டைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது கார்ட்டிங் சூட், கோ-கார்ட் என்கிற சின்னத் திறந்த வண்டி ஓட்டுவதற்கானது. அதற்கும் நெருப்புக்கும் சம்பந்தமே இல்லை.

நான் குன்னூருக்குத் திரும்பி வருவதற்கு முன் பல வருடம் கோயமுத்தூரில் ராலி கார்களுக்கு சர்வீஸ் வேலை பார்த்தவன். சூட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்க்ரூட்டினி (போட்டிக்கு முன் காரையும் உடையையும் சோதிப்பது) வரிசையில் நின்று, அதிகாரிகள் எதைத் திருப்பிப் பார்க்கிறார்கள், எதைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கவனித்தும், விதிப் புத்தகத்தைப் படித்தும் தெரிந்துகொண்டதுதான். அவனுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது. புதிதாக இறங்கும் மற்ற பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் பெயர். கடைக்காரர்களும் சரி, நாமும் சரி, 'ஃபயர் புரூஃப்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். மழைக்கோட்டு போட்டால் நனைய மாட்டோம் என்பது போல, இதைப் போட்டால் நெருப்பு ஒன்றும் செய்யாது என்று மனசு எடுத்துக்கொள்கிறது. அப்படி ஒரு துணி கிடையாது. போதுமான நேரம் நெருப்புக்குள் இருந்தால் எந்தத் துணிக்குள் இருந்தாலும் உடம்பு வெந்துவிடும். சூட் செய்வது ஒரே ஒரு வேலை: சூடு தோலுக்கு வந்து சேருவதைத் தள்ளிப்போடுகிறது. எத்தனை விநாடி தள்ளிப்போடுகிறது என்பதைத்தான் தரம் என்று அளக்கிறார்கள். இந்த ஒரு விஷயம் மனசில் உட்கார்ந்துவிட்டால், கழுத்துப்பட்டியில் இருக்கும் அந்த எண்கள் எல்லாம் தானாகப் புரிய ஆரம்பிக்கும்.

துணிக்குத் துணி என்ன வித்தியாசம் என்பதை மலையில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல ஒரு கணப்புச் சட்டி போதும். உறைபனி விழும் ராத்திரிகளில் வீட்டுத் திண்ணையில் கரி போட்டு, மேலே இரண்டு சுள்ளியும் போட்டு, சுற்றி உட்கார்ந்திருப்போம். (சாத்திய அறைக்குள் மட்டும் அதை வைத்துக்கொண்டு தூங்கிவிடாதீர்கள், வாசனையே இல்லாத விஷவாயு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.) ஒரு தடவை யூகலிப்டஸ் சுள்ளி படாரென்று வெடித்துப் பொறி பறந்தது. பெரியப்பா மேல் விழுந்த பொறி அவருடைய பழைய கம்பளி ஸ்வெட்டரில் ஒரு கறுப்புப் புள்ளி போட்டு, முடி பொசுங்கும் நாற்றம் அடித்து, அதோடு அணைந்துபோனது. அவர் தட்டிக்கூட விடவில்லை. என் மேல் விழுந்தது, ஊட்டி மார்க்கெட்டில் புதிதாக வாங்கிய ஃபிளீஸ் ஜாக்கெட்டின் கையில். அது ஒரு நொடியில் ஓட்டை விழுந்து, உருகி, அந்த உருகிய துளி மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. தட்டினால் போகவில்லை, பிய்த்தால் தோலோடு வந்தது. பச்சைப் பட்டாணி அளவுக்கு ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது.

அந்த ஃபிளீஸ் பாலியெஸ்டர். 250 டிகிரி செல்சியஸைக் கொஞ்சம் தாண்டினால் உருகிவிடும், நைலானும் கிட்டத்தட்ட அதே கதைதான், சில வகை அதற்கும் முன்பே உருகும். பெட்ரோல் தீயின் சூடு ஆயிரம் டிகிரியைத் தொடும். அதனால்தான் ரேஸ் காரில் உட்காருகிறவர் உடம்பை ஒட்டி பாலியெஸ்டர் பனியனோ நைலான் உள்ளாடையோ போடக் கூடாது. வெளியே எவ்வளவு நல்ல சூட் இருந்தாலும் உள்ளே இருப்பது உருகித் தோலில் ஒட்டினால் போச்சு. பருத்தி உருகாது, ஆனால் பற்றிக்கொண்டால் தொடர்ந்து எரியும்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நாம் மூச்சு விடும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம். ஒரு துணி தொடர்ந்து எரிய எத்தனை சதவீத ஆக்சிஜன் வேண்டும் என்று அளந்து பார்த்தால், பருத்திக்கு 18 போதும், அதனால் சாதாரணக் காற்றிலேயே தாராளமாக எரிகிறது. கம்பளிக்கு சுமார் 25 வேண்டும், பெரியப்பாவின் ஸ்வெட்டர் தானாக அணைந்ததன் ரகசியம் அதுதான். நோமெக்ஸ் என்ற இழைக்கு 28 அல்லது அதற்கு மேல் வேண்டும். அதாவது தீச்சுவாலை பட்டுக்கொண்டிருக்கும் வரை கருகும், சுவாலையை எடுத்துவிட்டால் அந்தத் துணி தன்பாட்டுக்கு எரியாது. உருகாது, சொட்டாது. சூடு ஏற ஏற இழை கொஞ்சம் பருத்து, கரியாக மாறி, நெருப்புக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு சுவர் போல நிற்கும். 1960களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் கொண்டுவந்த இழை இது. இந்தக் குணம் இழையின் வேதியியலிலேயே இருக்கிறது, மேலே பூசிய மருந்தில் இல்லை, அதனால் துவைத்தால் போய்விடாது. மருந்தில் ஊறவைத்த பருத்தி சூட்களும் உண்டு, விலை குறைவு, ஆனால் அவற்றைத் துவைப்பதில் நிறைய கவனம் வேண்டும்.

சரி, தரத்துக்கு வருவோம். உலக மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் எஃப்ஐஏ அமைப்பு ஓட்டுநர் உடைக்கு வைத்திருக்கும் தரத்தின் எண் 8856. பழையது 8856-2000, புதியது 8856-2018. கோடுக்குப் பின்னால் இருப்பது அந்தத் தரம் எழுதப்பட்ட வருடம், சூட் தைத்த வருடம் இல்லை. (இதைக் குழப்பிக்கொண்டு "இருபது வருஷப் பழசு" என்று நல்ல சூட்டை வேண்டாம் என்றவர்களையும் பார்த்திருக்கிறேன்.)

சோதனைக் கூடத்தில் முக்கியமாக இரண்டு கேள்வி கேட்கிறார்கள். முதல் கேள்வி, துணி பற்றிக்கொள்கிறதா? துணியின் மேல் ஒரு சிறு சுவாலையை 10 விநாடி காட்டிவிட்டு எடுத்துவிடுவார்கள். எடுத்த பிறகு இரண்டு விநாடிக்கு மேல் எரிந்துகொண்டிருந்தால் தோல்வி, உருகிச் சொட்டினாலும் தோல்வி, ஓட்டை விழுந்தாலும் தோல்வி. என் ஃபிளீஸ் ஜாக்கெட் இந்த இடத்திலேயே வீட்டுக்குப் போயிருக்கும்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: துணி எரியாவிட்டாலும், அதைத் தாண்டி சூடு எவ்வளவு சீக்கிரம் உள்ளே வருகிறது? தோசைக்கல் எரிவதில்லை, ஆனால் அதன் மேல் கை வைக்க முடியாது இல்லையா, அதே விஷயம். சூட்டின் எல்லா அடுக்குகளையும் சேர்த்து ஒரு துண்டு எடுத்து, கீழிருந்து நெருப்பைக் காட்டுவார்கள். மேலே, தோல் இருக்க வேண்டிய இடத்தில், வெப்பத்தை அளக்க ஒரு செப்பு வில்லை இருக்கும். அந்த வில்லையின் வெப்பம் 24 டிகிரி ஏறுவதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். ஏன் 24? தோலின் இயல்பான சூடு முப்பதைத் தாண்டிய ஒரு எண், அதோடு 24 சேர்ந்தால் தோல் கொப்புளம் கண்டு வெந்துபோகிற இடத்துக்கு வந்துவிடும். பழைய 2000 தரத்தில் வெளி சூட்டுக்கு இந்த நேரம் குறைந்தது 11 விநாடி இருக்க வேண்டும், 2018 தரத்தில் அதை 12 ஆக்கினார்கள்.

வெறும் 12 விநாடியா என்று தோன்றும். ஆனால் அந்த நெருப்பு எப்படிப்பட்டது என்று பாருங்கள். சதுர மீட்டருக்கு 80 கிலோவாட். உச்சி வெயில் தரும் சூடு சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு கிலோவாட். ஊட்டியில் மார்ச் மாத மதியம், காற்று ஜில்லென்று இருந்தாலும் வெயில் பட்ட இடம் சுரீரென்று எரியுமே, அதைப் போல எண்பது சூரியன் ஒரே நேரத்தில் உங்கள் நெஞ்சுக்கு நேராக நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் முன்னால் 12 விநாடி. காரில் உட்கார்ந்தபடி மனசுக்குள் பன்னிரண்டு எண்ணிப் பாருங்கள். பெல்ட் பக்கிளைத் திருப்பி, தோள் பட்டைகளை விலக்கி, கதவைத் திறந்து, காலை எடுத்து வெளியே வைக்க அது போதும், ஆனால் பயிற்சி இருந்தால் மட்டும். ராலிப் பள்ளிகளில் கண்ணைக் கட்டிக்கொண்டு பெல்ட் அவிழ்க்கச் சொல்வது விளையாட்டுக்கு இல்லை.

இந்த விநாடிகள் காகிதத்தில் இல்லாமல் நிஜத்தில் எப்படி வேலை செய்தன என்பதை உலகமே டிவியில் பார்த்தது. 2020 நவம்பர் 29, ஃபார்முலா ஒன் பந்தயம், பஹ்ரைன் கிராண்ட் பிரீ, முதல் சுற்று. ரோமன் குரோஜான் ஓட்டிய ஹாஸ் கார் மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் இரும்புத் தடுப்பில் மோதி, தடுப்பைப் பிளந்து உள்ளே போய், இரண்டாக உடைந்து, ஒரு பெரிய தீப்பந்தமாக எரிந்தது. அந்த நெருப்புக்குள் முன்பாதியில் அவர் உட்கார்ந்திருந்தார். இடது கால் மாட்டிக்கொண்டது, காலை இழுத்ததில் ஷூ உள்ளேயே கழன்று நின்றுவிட்டது, ஒற்றை ஷூவோடு தடுப்பின் மேல் ஏறி வெளியே வந்தார். கார் நின்றதிலிருந்து ஏறத்தாழ 28 விநாடி. அன்றைக்கு நான் குன்னூரில் ஒரு டீக்கடையில் நின்று அதைப் பார்த்தேன், யாருமே மூச்சு விடவில்லை, அவர் தலை வெளியே தெரிந்ததும் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவருக்குக் காயம் பெரும்பாலும் இரண்டு புறங்கைகளில். உடம்பு தப்பித்துவிட்டது. இங்கேதான் அக்கா மகன் மாதிரிப் பிள்ளைகள் சரியாகக் கேட்பார்கள்: 12 விநாடி சூட் எப்படி 28 விநாடி தாங்கியது? மூன்று காரணம் சொல்லலாம். 12 என்பது தேர்ச்சிக்கு வேண்டிய குறைந்தபட்சம், நல்ல சூட் அதைத் தாண்டும். அப்புறம், அது வெளி சூட்டுக்கு மட்டும் உள்ள கணக்கு, அதற்கு உள்ளே தனியாக நீண்ட கை வைத்த நோமெக்ஸ் உள்ளாடை ஒன்று இருக்கிறது, அது தன் பங்குக்கு விநாடிகளைச் சேர்க்கும். கடைசியாக, நிஜத் தீ சோதனைக்கூடத் தீ மாதிரி ஒரே இடத்தில் ஒரே அளவில் நிற்பதில்லை, சுழன்று சுழன்று வரும். கைகள் ஏன் வெந்தன? கையுறை மெல்லியது, கீழே வேறு அடுக்கு கிடையாது, வெளியே வருவதற்குப் பிடித்து ஏறிய கைகள்தான் நெருப்பிலும் சூடேறிய உலோகத்திலும் முதலில் பட்டன.

இதிலிருந்து வரும் பாடம்தான் புதியவர்கள் எப்போதும் கோட்டை விடும் இடம். காசெல்லாம் சூட்டுக்குச் செலவாகிவிடும், உள்ளாடைக்கு இல்லை. "உள்ளே ஒரு காட்டன் டி-ஷர்ட் போதும்ணா" என்பார்கள். போதாது. 8856 தரம் வெளி சூட்டுக்கு மட்டும் உள்ளதில்லை, நீண்ட உள்ளாடை, தலையில் மாட்டும் பாலக்ளாவா, சாக்ஸ், ஷூ, கையுறை எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சோதனை இருக்கிறது. அடுக்குகளுக்கு நடுவில் நிற்கும் காற்றுதான் பாதி வேலையைச் செய்கிறது. ஒரே ஒரு தடித்த கம்பளியை விட இரண்டு மெல்லிய போர்வை ஏன் கதகதப்பாக இருக்கிறது என்று கோத்தகிரிப் பிள்ளைக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. குளிர் உள்ளே வராமல் தடுக்கிற அதே காற்றுதான் சூடும் உள்ளே வராமல் தடுக்கிறது.

அதனால்தான் சூட் உடம்பைப் பிடித்தாற்போல் இருக்கக் கூடாது என்று எஃப்ஐஏ விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். போட்டோவுக்கு அழகாக இருக்கும் என்று ஒரு அளவு சின்னதாக வாங்கினால், தோளிலும் முட்டியிலும் துணி இழுபட்டுத் தோலோடு ஒட்டிக்கொள்ளும், நடுவில் காற்று இருக்காது, சூடு நேராக வந்துவிடும். கடையில் நின்றபடி போட்டுப் பார்க்காதீர்கள். ஸ்டியரிங்கைப் பிடிப்பது போல உட்கார்ந்து பாருங்கள். மணிக்கட்டு தெரிகிறதா, கணுக்கால் தெரிகிறதா, கழுத்து தெரிகிறதா? மூன்றும் எப்போதும் மூடியிருக்க வேண்டும், பாலக்ளாவாவின் கீழ்ப்பகுதியைச் சூட்டின் கழுத்துக்குள் செருகிவிட வேண்டும்.

பாலக்ளாவா என்றதும் ஃபார்முலா ஒன் சாம்பியன் நிக்கி லவுடாவைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1976 ஆகஸ்ட் 1, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் அவருடைய ஃபெராரி தீப்பிடித்தபோது தலைக்கவசம் கழன்றுவிட்டது. முகமும் தலையும் வெந்தன. அதைவிட அவர் உயிரை ஊசலாட வைத்தது உள்ளே இழுத்த நச்சுப்புகை. ஆறே வாரத்தில் கட்டுகளோடு திரும்பி வந்து ஓட்டினார் என்பதை எல்லோரும் வியந்து சொல்வார்கள், எனக்கு அந்தக் கதையில் பதிந்தது வேறு: சூட் எவ்வளவு விநாடி தந்தாலும் நுரையீரலுக்கு அது ஒன்றும் தராது. வெளியே வருவதுதான் வேலை, உள்ளே தாங்கிக்கொண்டு இருப்பது இல்லை.

தையலைப் பற்றியும் கொஞ்சம். துணி நோமெக்ஸாக இருந்து நூல் சாதாரண பாலியெஸ்டராக இருந்தால், நெருப்பில் நூல் உருகி சூட் தையல் தையலாகப் பிரிந்துவிடும். அதனால் நூலுக்கும் ஜிப்புக்கும்கூட தரத்தில் விதி உண்டு. நம் ஆட்கள் இதில் பண்ணும் தப்பு, சூட் வாங்கிய பிறகு உள்ளூர் டெய்லரிடம் கொடுத்து ஸ்பான்சர் பேட்ச் தைப்பது. எனக்குத் தெரிந்த ஒரு ஓட்டுநர் நெஞ்சில் பெரிய பேட்ச் ஒன்றை எல்லா அடுக்கையும் சேர்த்துத் துளைத்து, சாதாரண நூலால் தைத்துக்கொண்டு வந்தார், ஸ்க்ரூட்டினியில் அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள், சூட் முழுசாகப் பாழ். விதி என்னவென்றால் எம்பிராய்டரி வெளி அடுக்கில் மட்டும்தான் போட வேண்டும், நூலும் பேட்சின் பின்துணியும் தீத் தாங்குவதாக இருக்க வேண்டும். காரணம் மறுபடியும் அதே காற்றுதான். எல்லா அடுக்கையும் ஒன்றாகத் தைத்துவிட்டால் அந்த இடத்தில் இடைவெளியே இல்லை, ஒவ்வொரு ஊசித் துளையும் வெப்பம் உள்ளே வர ஒரு வழி. சூட்டில் படம் ஒட்டுகிறேன் என்று அயர்ன் பாக்ஸை எடுப்பதும் வேண்டாம்.

தோளில் இரண்டு பட்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். போலீஸ் சட்டை மாதிரி அழகுக்கு வைத்தது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஓட்டுநர் மயங்கிவிட்டால் மீட்பவர்கள் அந்தப் பட்டைகளைப் பிடித்து ஆளை இருக்கையிலிருந்து மேலே தூக்குவார்கள், அந்த எடையைத் தாங்குமா என்று அதையும் இழுத்துப் பார்த்துச் சோதிக்கிறார்கள். இப்போது எந்தச் சூட்டைப் பார்த்தாலும் என் கை முதலில் போவது அந்தப் பட்டைக்குத்தான்.

தூக்குகிறவர் என்ன போட்டிருக்கிறார் என்பதும் உண்டு. 1973 ஜூலை 29, நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட், ஃபார்முலா ஒன் பந்தயம். ரோஜர் வில்லியம்சனின் கார் தலைகீழாகக் கவிழ்ந்து தீப்பிடித்தது, அவர் அடியில் மாட்டிக்கொண்டார். பின்னால் வந்த டேவிட் பர்லி தன் காரை நிறுத்திவிட்டு, பாதையைக் கடந்து ஓடி, தனி ஆளாக அந்தக் காரைப் புரட்டப் பார்த்தார். முடியவில்லை. அருகில் நின்ற பாதைப் பணியாளர்களுக்குத் தீத் தாங்கும் உடை இல்லை, வெக்கையில் அவர்களால் கிட்டே போக முடியவில்லை. சூட் போட்டிருந்த ஒரே ஆள் பர்லிதான், ஒருவர் போதவில்லை. வில்லியம்சன் இறந்துபோனார். மாசி, பங்குனியில் நம் மலைச்சரிவுகளில் காட்டுத்தீ பிடிக்கும்போது பாலியெஸ்டர் சட்டையோடு பச்சைக் கொப்பை ஒடித்துக்கொண்டு அணைக்க ஓடுகிற ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த சாண்ட்வோர்ட் படம் கண்ணில் வரும். அவர்களுக்கு ஒரு நல்ல உடை கொடுங்கள் என்று கேட்க வேண்டிய இடம் இது இல்லைதான், ஆனாலும் கேட்கிறேன்.

அமெரிக்காவிலிருந்து வரும் சூட்களில் 8856 இருக்காது, அந்த ஊர்த் தர அமைப்பான எஸ்எஃப்ஐயின் 3.2ஏ என்று இருக்கும், பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டு இன்னொரு எண். அந்தக் கடைசி எண்தான் விஷயம். 3.2ஏ/1 என்றால் இரண்டாம் நிலைத் தீக்காயம் வர 3 விநாடி, பெரும்பாலும் ஒற்றை அடுக்கு. 3.2ஏ/5 என்றால் 10 விநாடி. அப்படியே ஏறிக்கொண்டே போய் 3.2ஏ/20 என்றால் 40 விநாடி, அது மெத்தையைப் போர்த்திக்கொண்டது போலத் தடித்திருக்கும், ஆல்கஹாலும் நைட்ரோவும் எரித்து நேர்கோட்டில் சீறும் டிராக் (drag) பந்தய ஆட்களுக்கானது. 5 என்றதும் ஐந்து விநாடி என்றோ ஐந்து அடுக்கு என்றோ எண்ணிவிடாதீர்கள். எஃப்ஐஏ எண்ணோடு இதை நேராக ஒப்பிடவும் முடியாது, ஏனென்றால் எஸ்எஃப்ஐ அளப்பது காயம் வரும் நேரம், எஃப்ஐஏ அளப்பது 24 டிகிரி ஏறும் நேரம், இரண்டும் வேறு வேறு அளவுகோல். நம் ஊர்ப் போட்டிகளுக்கு எது செல்லும் என்பதை இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் விதிகளிலும் அந்தந்தப் போட்டியின் துணை விதிகளிலும் படித்துவிட்டு அப்புறம் காசை எடுங்கள்.

இப்போது அந்தச் சிவப்பு சூட். கார்ட்டிங்கில் கூரையும் இல்லை, பெல்ட்டும் இல்லை, விழுந்தால் தார்ச்சாலையில் உருண்டு தேய்ந்து போவதுதான் பயம். அதனால் கார்ட்டிங் சூட்டைச் சோதிப்பது உராய்வுக்கு, எவ்வளவு தேய்த்தால் கிழிகிறது என்று. அதற்கும் எஃப்ஐஏ தரம்தான், ஆனால் எண் வேறு, 8877 என்று இருக்கும். பெரும்பாலும் வெளியே நைலான் கலந்த துணி. செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் கார்ட் ஓட்ட அதுதான் சரியான உடை, ராலி காருக்குள் அதுதான் மோசமான உடை. பைக் ரேஸ் தோல் சூட்டும் உராய்வுக்காகத்தான். கழுத்தில் எஃப்ஐஏ என்று எழுதியிருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள், பின்னால் வரும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள்.

அந்த எண் சூட்டின் கழுத்துப்பட்டியின் பின்புறம், வெளிப்பக்கத்தில் இருக்கும். தயாரிப்பாளர் பெயரும் இருக்கும். அங்கீகரித்த சூட்களின் பட்டியலை எஃப்ஐஏ எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது, 2000 தரத்துக்கு 27ஆம் தொழில்நுட்பப் பட்டியல், 2018 தரத்துக்கு 74. பழைய சூட் கைமாறி வாங்குவதில் தப்பில்லை, நானும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் காலாவதி வருடம் போட்டிருந்தால் அதைப் பாருங்கள், முட்டியும் முழங்கையும் தேய்ந்து துணி மெலிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் அல்லது ஆயில் வாடை ஊறிப்போன சூட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். எரியாத துணியில் எரியும் எண்ணெய் ஊறியிருந்தால் எண்ணெய் எரியும். சர்வீஸில் கிரீஸ் கையோடு சூட்டைத் தொடுகிற பையன்களை நான் அதட்டியதெல்லாம் இதற்காகத்தான்.

துவைப்பது எளிது. வெதுவெதுப்பான தண்ணீர், சாதாரண லிக்விட் சோப், உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி. பிளீச் கூடாது, கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கும் திரவம் எதுவும் கூடாது, அது இழைமேல் ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும், அந்தப் படலம் எரியும். சூட்டின் உள்ளே தைத்திருக்கும் துவைப்புக் குறிப்புச் சீட்டில் வேறு விதமாகப் போட்டிருந்தால் அந்தச் சீட்டு சொல்வதைக் கேளுங்கள். காயவைப்பதுதான் நம் மலையில் கஷ்டம். நோமெக்ஸுக்கு வெயிலின் புற ஊதாக் கதிர் ஆகாது, நிறமும் போகும், இழையின் பலமும் போகும், இந்த உயரத்தில் அந்தக் கதிர் சமவெளியைவிட அதிகம், அதனால் மொட்டைமாடிக் கொடியில் போட்டுவிட்டு டியூட்டிக்குப் போய்விடக் கூடாது. நிழலில் போட்டால் ஐப்பசி மழையில் மூன்று நாள் ஆனாலும் காயாது, பூஞ்சை வாடை வந்துவிடும். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறும். நான் செய்வது இது: பந்தயம் முடிந்து மலை ஏறுவதற்கு முன்பே கோயமுத்தூரிலேயே துவைத்து, அங்கேயே நிழலில் காயவைத்து எடுத்து வந்துவிடுவேன்.

கடைசியாக ஒன்று, இது முழுக்க அக்கா மகனுக்கு. விதிப்படி கோ-டிரைவருக்குக் கையுறை கட்டாயம் இல்லை, ஓட்டுநருக்கு மட்டும்தான் கட்டாயம். காரணம் உனக்கே தெரியும், கையுறையோடு நோட்ஸ் தாள் புரட்ட வராது. ஆனால் குரோஜானின் கைகளை நீயும் பார்த்தாய். உன் பக்கக் கதவைத் திறக்கப் போவது உன் கைதான். அதனால் கருநீல சூட்டையே வாங்கு, அதோடு உள்ளாடையும், உள்ளங்கை மெல்லிசாக இருக்கும் 8856 கையுறை ஒரு ஜோடியும் சேர்த்து வாங்கு, குறைகிற காசை நான் தருகிறேன். ஸ்பைரல் நோட்டாக எடுத்துக்கொள், ஒவ்வொரு தாளின் கீழ் மூலையையும் ஒரு விரல் அகலம் மடித்து வை, கையுறை போட்டாலும் பெருவிரல் அங்கே மாட்டிக்கொள்ளும். ராலிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. தினமும் ராத்திரி கையுறையைப் போட்டுக்கொண்டு முழு நோட்டையும் ஒரு தடவை புரட்டிப் படி, அம்மாவை நேரம் பார்க்கச் சொல்.